லவோன் மேல் பட்ட வெயில்

எங்கள் ஸ்டோர்விக்கில் பிப்ரவரி மாதம் ஒருவர் முகம் வெயில் காய்ந்த நிறத்தில் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆள் ஃப்ளோரிடா போய்விட்டு வந்திருக்கிறார். மினசோட்டாவின் இந்த வடகோடியில் அந்த மாதத்துச் சூரியன் அரசாங்க அலுவலர் மாதிரி. தாமதமாக வரும், நாற்காலியில் கோட்டை மாட்டும், காணாமல் போய்விடும். குளிரைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். எங்கள் ஊரில் பிள்ளைகள் செய்து வைக்கும் பனிமனிதர்களே கதவைத் தட்டி, 'கொஞ்ச நேரம் அடுப்புப் பக்கம் நிற்கலாமா' என்று கேட்பார்கள். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நாங்கள் எல்லோரும் உரித்த உருளைக்கிழங்கு நிறத்தில்தான் நடமாடுவோம். நான் மீசை வைத்த உருளைக்கிழங்கு.

அப்படிப்பட்ட ஊரில், தவக்காலம் தொடங்கிய முதல் ஞாயிறு, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, லவோன் டோலஃப்சன் உள்ளே வந்து கழுத்துத் துணியை அவிழ்த்தாள். தேன் நிறம். நெற்றி, கன்னம், கழுத்து, கை எல்லாம் தேன். வாய்க்குப் போன கோப்பைகள் எல்லாம் பாதி வழியில் நின்றன. பாஸ்டரின் கையிலிருந்த பிஸ்கட் தானாகவே காபிக்குள் குதித்துத் தற்கொலை செய்துகொண்டது.

"அடியே லவோன்!" என்று கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து பெர்னீஸ் கத்தினாள். பெர்னீஸ் பாடகர் குழுவின் தலைவி. ஊர்ச் செய்தி நிலையமும் அவள்தான். "எங்கடி போயிருந்த? ரெண்டு மூணு வாரமா ஆளையே காணோம்!"

"எங்கயும் போகலையே. வீட்லதான்..."

"வீட்லயா? வீட்டு பல்பு வெளிச்சத்துல இந்த நிறம் வருமா? யார்கிட்ட கதை விடுற? ஃப்ளோரிடாதானே?"

லவோன் மெல்ல நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். எத்தனையோ வருடமாக யாரும் அவளை இப்படிப் பொறாமையோடு பார்த்ததில்லை. அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மலர்ந்தது.

"கடல் நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள்.

அப்போது காபி ஊற்றிக்கொண்டிருந்தவன் நான். பாஸ்டரின் காலணியில் ஊற்றிவிட்டேன். ஏனென்றால் லவோன் ஃப்ளோரிடாவுக்குப் போகவில்லை. அது ஊரிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

என் பெயர் டெல்மர். மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். என் காலத்தில் நான் தள்ளிய பனியை ஒரே இடத்தில் குவித்திருந்தால் இன்று மினசோட்டாவுக்கு ஒரு மலைத்தொடர் இருந்திருக்கும், அதற்கு என் பெயரையும் வைத்திருப்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்க வேண்டியவளிடம் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் வெர்ன் டோலஃப்சன் திறந்துவிட்டான். அதற்கு முந்தைய கோடையில் ஏரிக்கரை நடனக் கூடத்தில் லவோனோடு ஒரே ஒரு போல்கா ஆடினேன். அந்த ஆட்டம் முழுக்க என் பூட்ஸ் தரையில் படவே இல்லை என்று சத்தியம் செய்வேன். "எப்படிப் படும்? என் கால்மேலதானே இருந்துச்சு," என்பாள் லவோன்.

வெர்ன் நல்லவன். எனக்கு நண்பன். அதுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்திருந்தால் வெறுத்தாவது காலத்தை ஓட்டியிருக்கலாம். அவன் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அவர்கள் வீடு என் வீட்டுக்கு நேர் எதிரே. ஒவ்வொரு முறை பனி கொட்டி ஓயும்போதும் என் வாசலைத் தள்ளிவிட்டு, கைப்பழக்கத்தில் தெருவைக் கடந்து அவள் வாசலையும் தள்ளுவேன். கராஜ் கதவு வரை, படிக்கட்டு வரை, கடைசிப் படி வரை. அங்கே நின்று கொஞ்ச நேரம் கதவைப் பார்ப்பேன். பிறகு திரும்பி வந்துவிடுவேன். மாவட்டத்தின் எல்லா வழிகளையும் திறந்துவிட்ட எனக்கு அந்தக் கதவைத் தட்ட மட்டும் வராது.

தட்டுவதற்குப் பதிலாக நான் செய்ததை வெளியே சொல்ல முடியாது. எங்கள் ஊரில் ஜனவரியில் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். என் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். எதிரே லவோன் வீட்டு ஜன்னலில் விளக்கு எரியும். குளிர் உள்ளே வராமலிருக்க ஊரே ஜன்னல் திரையை இழுத்து மூடி, அடியில் துண்டையும் சுருட்டி வைத்திருக்கும். அவள் வீட்டில் மட்டும் திரை திறந்தே கிடக்கும். மறதி என்று நினைத்துக்கொண்டேன். மேசையில் சீட்டைப் பரப்பித் தனியாக ஆடிக்கொண்டிருப்பாள். அந்த ஜனவரியில் அவள் ஆட்டம் முடியவே இல்லை. நாலு சீட்டு வைப்பாள், கை ஓய்ந்துவிடும், மேசையிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். ஊர் அவளை ஃப்ளோரிடா மணலில் படுக்க வைத்திருந்த நாளெல்லாம் அவள் எனக்கு எதிரேதான் சீட்டின்மேல் படுத்துக் கிடந்தாள்.

ஆனால் அதைச் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்களே! பேசாமல் இருந்துவிட்டேன்.

ஃப்ளோரிடா போனாள் என்றால் யாரோடு போனாள்? அதையும் பெர்னீஸ் ஒரு வாரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் ஊர்ப் பழைய பல் டாக்டர் ராய்ஸ், மனைவி போனபிறகு ஒவ்வொரு குளிர்காலமும் ஃப்ளோரிடாவில்தான் இருப்பார். பெர்னீஸ் அவருக்கே போன் போட்டுக் கேட்டாள். அந்த மனிதர் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பெர்னீஸ், ஒரு ஜென்டில்மேன் இதையெல்லாம் வாய் விட்டுச் சொல்வானா?" என்றாராம். அவருக்கும் யாராவது பொறாமைப்பட வேண்டியிருந்தது போலும். அந்தக் கனைப்பு ஊர் முழுக்க எட்டு விதமாக நடித்துக் காட்டப்பட்டது. என் முன்னாலேயே பெர்னீஸ் மூன்று முறை கனைத்தாள். ஒவ்வொன்றும் என் எலும்பில் இறங்கியது. பொய் என்று தெரிந்தவனுக்கே அப்படி வலித்தது என்றால் பாருங்கள்.

அதன்பிறகு லவோனுக்கு என்ன நடந்தாலும் காரணம் ஃப்ளோரிடாதான்.

உடுப்பெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதா? "ராய்ஸ் கடற்கரை பூரா நடக்க விட்டிருப்பார்." மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாளா? "மனசு அங்கேயே தங்கிடுச்சு, உடம்பு மட்டும் வந்திருக்கு." எழுந்தால் தலை சுற்றுகிறதா? "காதல்!" அவளுக்கு ஒரு உப்பு வெறி வந்தது. சூப்புக்கு உப்பு, ரொட்டிக்கு உப்பு, ஆப்பிளுக்கும் உப்பு. ஒரு புதன்கிழமை சூப் விருந்தில் வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடியை இரண்டு கையாலும் தூக்கி, அதிலிருந்த உப்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்தாள். குடித்து முடித்துக் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், நான் அந்த ஊறுகாயாகப் பிறந்திருக்கக் கூடாதா என்றிருந்தது. என் தோட்டத்து மான்களுக்காக வைத்திருந்த உப்புக்கட்டிகூட அவள் தெருவில் வந்தால் நடுங்கியது.

"கடல்காத்து பட்ட நாக்கு. உப்பைக் கேக்கத்தான் செய்யும்," என்று தீர்ப்புச் சொன்னாள் பெர்னீஸ்.

லவோனும் விடவில்லை. அவளைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்பார்கள். அவள் சொல்வாள். "அலை வந்துட்டுத் திரும்பிப் போறப்ப, காலுக்கு அடியில இருக்கற மணலைக் கொஞ்சம் கொஞ்சமா உருவிக்கிட்டுப் போகும். கூசும். நாம நிக்கிறோம், ஆனா தரை நம்மளை விட்டுட்டு எங்கயோ கெளம்பிப் போற மாதிரி." பொய் என்று தெரிந்த எனக்கே வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால் மணல் கொட்டுமோ என்று தோன்றும். அவள் கடலைப் பார்த்ததே இல்லை. பார்த்தவர்கள்கூட அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

உடம்பு பார்க்கப் போன இடத்திலும் அதே கதைதான். ரத்த அழுத்தம் குறைவாக இருந்ததைப் பார்த்து அங்கிருந்த பெண், "ஃப்ளோரிடால நல்லா ரெஸ்ட் எடுத்திருக்கீங்கபோல!" என்று சிரித்தாளாம். லவோனும் சிரித்து வைத்தாள். ஊர் முழுக்கச் சொன்ன பொய்யை அங்கே மட்டும் எப்படி இல்லையென்பது?

மார்ச் தொடக்கத்தில் ஒரு நாள் காலை அவள் வாசலைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. லவோன் ஒரு கோப்பைக் காபியோடு வந்தாள். கோப்பையை என்னிடம் நீட்டிய கையோடு, படியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. இந்தக் காபி கொஞ்சம் வெயிட்டு."

"உன் காபி எப்பவுமே வெயிட்டுதான். போன வாரம் சர்ச்சுல நீ போட்டதுல ஸ்பூன் விட்டேன், குச்சி நட்ட மாதிரி நின்னுச்சு."

சிரித்தாள். வெயிலே இல்லாத காலையில் அந்தத் தேன் நிற முகம் மட்டும் எங்கிருந்தோ வந்த வெளிச்சத்தில் இருந்தது. கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அழகாகவும் இருந்தாள், பயமாகவும் இருந்தது.

"டெல்மர், நீ கடலைப் பாத்திருக்கியா?"

இப்போது சொல்லியிருக்கலாம். 'இல்லை, நீயும் பார்க்கவில்லை, வா இரண்டு பேரும் போய்ப் பார்ப்போம்' என்று அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"எனக்கெதுக்குக் கடலு? நம்ம ஏரியே பெருசுதானே."

அவள் முகத்தில் இருந்த விளக்கு அணைந்தது. "வெர்னும் அதேதான் சொல்லுவான்," என்றாள். "ஒவ்வொரு வருஷமும் கேப்பேன். ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொல்லுவான்." கைப்பிடியைப் பிடித்து எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கையில் கோப்பையோடு நின்றேன். காபி உறையும்வரை நின்றேன். எங்கள் ஊரில் அதற்கு அதிக நேரம் ஆகாது என்றாலும், நின்றேன்.

அடுத்து வந்த சனிக்கிழமை மதியம் படைவீரர் சங்கக் கூடத்தில் இறைச்சிக் குலுக்கல். மற்ற ஊர்களில் பரிசாகக் கார் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் பன்றித்தொடை கொடுப்போம். சக்கரத்தைச் சுற்றிவிடுவார்கள், எண் விழுந்தவருக்கு இறைச்சிப் பொட்டலம். அந்த வாரம் ஊரில் வயிற்றுக் காய்ச்சல் ஒன்று வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. லவோன் காலையிலிருந்து இரண்டு முறை வாந்தி எடுத்ததை யாரிடமும் சொல்லாமல் வந்திருந்தாள். சக்கரம் நின்றது. அவள் எண். பெர்னீஸ் ஓவென்று கத்தினாள். லவோன் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் அப்படியே மடிந்து தரையில் விழுந்தாள். துணிக்கொடியிலிருந்து சட்டை நழுவி விழுவதுபோல, சத்தமே இல்லாமல்.

ஆம்புலன்ஸ் அவளைப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பின்னாலேயே என் பிக்கப்பில் நானும் பாஸ்டரும் பெர்னீஸும். பெர்னீஸ் மடியில் லவோன் ஜெயித்த பன்றித்தொடை.

அவசரப் பிரிவிலிருந்து வெளியே வந்த டாக்டர் மாய் வாங் இளம்பெண், சின்ன உருவம். ஆனால் அவர் கண் யாரையும் சும்மா விடாது.

"அவங்களுக்கு நினைவு வந்து வந்து போகுது. பேச முடியல. எவ்வளவு திரவம் ஏத்தினாலும் ரத்த அழுத்தம் ஏற மாட்டேங்குது. சோடியம் ரொம்பக் கொறஞ்சிருக்கு. உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க. சமீபத்துல எங்கயாவது போயிருந்தாங்களா?"

"ஃப்ளோரிடா!" என்றாள் பெர்னீஸ்.

"ஃப்ளோரிடா," என்றார் பாஸ்டர்.

"அங்க என்ன சாப்பிட்டாங்க?"

"சிப்பி, டாக்டர்! பச்சைச் சிப்பி. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு அப்படியே முழுங்கினாளாம். என்கிட்டயே சொன்னா."

டாக்டரின் முகம் மாறியது. "பச்சைச் சிப்பியா? அதுல வர்ற ஒரு கிருமி ஆளையே கொன்னுடும். அப்ப முதல்ல அந்த வழியிலதான் போகணும்." திரும்பி நடக்கத் தொடங்கினார்.

அந்த நடையின் ஒவ்வொரு எட்டிலும் லவோன் இன்னும் தூரம் போய்க்கொண்டிருந்தாள். அவள் அங்கே சாகக் கிடப்பது அவள் பார்க்காத ஒரு ஊரின் நோயால் அல்ல. அதைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

"அவ ஃப்ளோரிடா போகல," என்றேன்.

டாக்டர் நின்றார்.

"யோவ், உனக்கென்னய்யா தெரியும்?" என்று பெர்னீஸ் பாய்ந்தாள். "ராய்ஸே ஒத்துக்கிட்டாரு!"

"ராய்ஸ் கனைச்சாரு, அவ்வளவுதான். அவ வீட்லதான் இருந்தா. கராஜ் முன்னாடி பனி கலையாமக் கெடந்துச்சு. நான்தானே தள்ளுனேன்."

"வேற யாராவது வந்து கூட்டிட்டுப் போயிருக்கலாமே?"

டாக்டர் என் அருகே வந்தார். "உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா? ஊகமா? இது ரொம்ப முக்கியம்."

நான் பாஸ்டரைப் பார்த்தேன். பெர்னீஸைப் பார்த்தேன். இவளிடம் சொன்னால் மாவட்டம் முழுவதற்கும் சொன்னது மாதிரி. பன்றித்தொடையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"தினமும் சாயங்காலம் என் வீட்டு விளக்கை அணைச்சிட்டு உக்காந்து அவ ஜன்னலையே பாத்துக்கிட்டிருப்பேன், டாக்டர். ஒரு நாள் விடல. சீட்டு ஆடுவா. பாதியில தூங்கிடுவா. ஒரு தடவை எழுந்திருச்சப்ப கன்னத்துல ஒரு சீட்டு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. தெருவுக்கு இந்தப் பக்கத்துலேருந்து என்ன சீட்டுன்னு தெரியல. ஹார்ட்டின் ராணின்னு நானா வெச்சுக்கிட்டேன். அவ ஒரு வெயிலும் பாக்கல. அந்த நிறம் அந்த மேசையில உக்காந்திருக்கும்போதே அவமேல ஏறிடுச்சு."

பெர்னீஸின் வாய் திறந்தது. அதிலிருந்து எதுவுமே வரவில்லை. எனக்குத் தெரிந்து இது அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கவில்லை.

டாக்டர் மாய் வாங் ஓடினார். கண்ணாடி வழியே பார்த்தேன். லவோனின் விரல்களைப் பிரித்து உள்ளங்கையை விளக்குக்கு நேரே பிடித்தார். உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். பிறகு நர்ஸிடம் ஏதோ சொன்னார். ஒரு ஊசி போனது. வெளியே வந்தபோது அவர் நெற்றியில் வியர்வை.

"உள்ளங்கை ரேகைக்குள்ள எல்லாம் கறுப்பு. ஈறுலயும் இருக்கு. எந்த ஊர் வெயிலும் அங்கெல்லாம் போகாது, சார்."

மாலைக்குள் லவோனின் ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியது. மறுநாள் காலை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, உப்பு போட்ட முட்டை கேட்டாள். வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள். இவள் மரமாகவே நிமிர்ந்துவிட்டாள். டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்து விளக்கினார். நான் வாசலில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றேன்.

"சிறுநீரகம் ரெண்டுக்கும் மேல குல்லா வெச்ச மாதிரி ஆளுக்கொரு சுரப்பி இருக்குங்க. கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் அங்கதான் சுரக்குது. டென்ஷன் ஹார்மோன்னு எல்லாரும் அதைத் திட்டுவாங்க. அளவுக்கு மீறினா கெடுதல்தான்; ரத்த அழுத்தம் ஏறும், சர்க்கரை ஏறும், தூக்கம் போகும், எலும்பு மெலியும். ஆனா அது இல்லவே இல்லைன்னா மனுஷனால படுக்கையை விட்டே எழுந்திருக்க முடியாது. சாதாரணக் காய்ச்சலைக்கூடத் தாங்க முடியாது. உங்க உடம்பே அந்தச் சுரப்பியை எதிரின்னு நெனச்சு அழிச்சிட்டு வந்திருக்கு. உப்பைப் பிடிச்சு வெக்கிற ஹார்மோனும் அங்கேருந்துதான் வரணும். அதுவும் போச்சு. அதான் ஊறுகாய்த் தண்ணி."

"அப்ப இந்த நிறம்?" என்றாள் லவோன். குரல் இன்னும் பலவீனமாகத்தான் இருந்தது.

"மூளைக்கு அடியில இன்னொரு சின்னச் சுரப்பி இருக்கு. அது கீழ பாத்து 'அனுப்பு, அனுப்பு'ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். பதில் வரலைன்னா இன்னும் சத்தமாக் கூப்பிடும். நாள் கணக்கா, மாசக் கணக்கா. அந்தக் கூப்பாடு தோல்ல பட்டுப் பட்டு, அதுதான் நிறமா ஏறுது."

நான் வாசலில் நின்று யோசித்தேன். பதில் வராமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் தோல் கறுக்கும் என்றால் நான் எப்போதோ கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிருக்க வேண்டும்.

அந்த ஹார்மோன்களுக்குப் பதிலாக ஆயுள் முழுக்க மாத்திரை. கையில் எப்போதும் நோயின் பெயர் பொறித்த ஒரு வளையம். காய்ச்சல், அடி, ஆபரேஷன் வந்தால் மாத்திரையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் உடம்பு தானாகச் செய்துகொள்வதை இவள் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

"பெரிய அதிர்ச்சி ஏதாவது வந்தா?" என்று கேட்டாள் லவோன்.

"ரொம்பப் பெருசுன்னா என்னைக் கேளுங்க."

"சந்தோஷ அதிர்ச்சிக்கு?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அதுக்கு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

டாக்டர் போனபிறகு லவோன் என்னைப் பார்த்தாள். பெர்னீஸ் எனக்கு முன்பே வந்து போயிருக்கிறாள் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"அது ஹார்ட்டின் ராணி இல்ல," என்றாள். "கிளாவர் ரெண்டு."

நான் தொப்பிக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன். "நீ ஏன் ஃப்ளோரிடா போனேன்னு சொன்ன?"

ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே பனியைத் தவிர ஒன்றுமில்லை. "நான் சொல்லல, டெல்மர். அவங்கதான் குடுத்தாங்க. ஆயுசு பூரா ஒருத்தரும் குடுக்காத கடலை ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாருமாச் சேந்து கைல குடுத்தாங்க. திருப்பிக் குடுக்க மனசு வரல."

மாத்திரை வேலை செய்தது. மே மாதம் அவள் ஏரிக்கரை வரை நடந்தாள். ஜூனில் என் தக்காளிச் செடிகளைக் குறை சொல்லும் அளவுக்குத் தேறினாள். கோடை முழுக்க நாங்கள் எல்லோரும் வெயிலில் கறுத்துக்கொண்டே போக, அவள் மட்டும் வெளுத்துக்கொண்டே போனாள். செப்டம்பரில் பழைய உருளைக்கிழங்கு லவோன் திரும்ப வந்துவிட்டாள். நலம் என்பதற்கு அதுதான் அடையாளம் என்று டாக்டர் சொன்னார். சந்தோஷப்பட்டேன். ஆனாலும் ஒரு ஓரத்தில் அந்தத் தேன் நிறம் போகிறதே என்று மனம் அடித்துக்கொண்டது. அவள் போகாத கடலின் கடைசிச் சுவடும் அழிவது மாதிரி இருந்தது. அவளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையை அடிக்கடி விரித்து, ரேகைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பாள். ஃப்ளோரிடாவைப் பற்றி ஊரில் இப்போது யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை.

நான் ஜன்னலில் உட்காருவதை விட்டுவிட்டேன். ஊருக்கே தெரிந்தபிறகு எந்த முகத்தோடு உட்காருவது? அந்த மாலைகளில் கடிகாரம் ஐந்தடித்துவிட்டு ஆறடிக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டது.

நவம்பரில் முதல் பனி. சொன்னால் நம்ப வேண்டும், கூரை உயரத்துக்குக் கொட்டியது. சரி, முழங்கால் உயரம். என் வாசலைத் தள்ளினேன். தெருவைக் கடந்தேன். கராஜ் கதவு வரை, படிக்கட்டு வரை, கடைசிப் படி வரை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஜன்னலில் விளக்கு. திரை திறந்தே கிடந்தது. மேசையில் சீட்டு பரப்பியிருந்தது; இந்த முறை இரண்டு பக்கமும்.

கையை ஓங்கினேன். தட்டுவதற்குள் கதவு திறந்தது. லவோன் நின்றாள். உருளைக்கிழங்கு நிறம், கண்ணில் மட்டும் குறும்பு. கையில் மாத்திரை டப்பா.

"இரு, பேசாத," என்றாள். "நீ சொல்ல வந்தது சின்ன விஷயமா, பெரிய விஷயமா? அதைச் சொல்லிட்டு அப்புறம் சொல்லு. பெருசுன்னா நான் ஒண்ணு கூடப் போட்டுக்கணும்."

டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெளுத்த அந்த ரேகைகளின் நடுவே அது வெள்ளையாக, சின்னதாக இருந்தது.

"பெருசு," என்றேன்.

என்னையே பார்த்தாள். பிறகு மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினாள்.

"வேணாம். இத்தனை வருஷம் தாங்கிட்டேன். இதையும் தாங்குறேன். சொல்லு."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நான் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை.

"ஏரி பெருசு இல்ல, லவோன். எனக்கும் கடலைப் பாக்கணும். உன்கூட."

வாசல்படியில் பனி விழுந்துகொண்டே இருந்தது. என் பூட்ஸின் அடியில் ஏதோ உருவிக்கொண்டு போவது போலிருந்தது, கூசியது. கடைசியில் அவள் என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உள்ள வா மொதல்ல. வீடெல்லாம் குளிரா ஆகுது பாரு." கதவைச் சாத்தினாள். ஜன்னல் பக்கம் நடந்து, திரையின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"இனிமே இதை மூடிடலாம்ல? எத்தனை குளிர்காலமா இதால எனக்கு ஹீட்டர் பில்லு ஏறுது தெரியுமா?"